சம்பந்தி முடிச்சு

காலை ஐந்தரை மணிக்குச் சவுக்குத் தோப்பு மடத்தில் மூன்று பேர் விழித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் அஞ்சப்பன். அவர் கிணற்றடியில் நின்று, செம்பை முகத்துக்கு மேலே ஒரு முழம் தூக்கிப் பிடித்து, உதட்டில் படாமல் தண்ணீர் குடிக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தொன்பது வயதில் பழகுகிற காரியமில்லை அது. கொஞ்சம் மூக்கில் ஏறியது. கொஞ்சம் காதுக்குள் போனது. மற்றது மார்பில் வழிந்து வேட்டியை நனைத்தது. தொண்டைக்குள் இறங்கியது ஒரு மடக்கு இருந்தால் அதிகம்.

அடுப்படியிலிருந்து கோதண்டம் எட்டிப் பார்த்தார். மடத்துச் சமையல் அவர் பொறுப்பு. அதற்கு முன்பு சீர்காழி ரூட்டில் பஸ் கண்டக்டராக இருந்தவர். விசில் போய்விட்டது, வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"முப்பது வருசம் கடல்ல கெடந்த மனுசன். செம்புத் தண்ணியில முழுவிடப் போறாரு."

பதில் சொல்ல மூச்சு வேண்டும். அஞ்சப்பன் இருமிக்கொண்டிருந்தார்.

தைப்பூசத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. பூசத்தன்று தனக்குத் தீட்சை கிடைக்கும் என்று அவர் நம்பினார். மடத்துத் தலைவி அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. "பூசம் வரட்டும், பாக்கலாம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். ஆனால் கார்த்திகை மாதம் மடத்தில் ஓர் இரவு தங்கிப்போன யாத்ரீகர் ஒருவர், தீட்சை நாள்வரை ஒரு மண்டலத்துக்குக் குறையாமல் வாய்ச் சுத்தம் காக்க வேண்டும் என்று அஞ்சப்பனிடம் சொல்லிவிட்டுப் போனார். சாப்பாட்டு வேளை தவிரக் கை வாய்க்குப் போகக் கூடாது. எச்சில் பட்ட எதையும் தொடக் கூடாது. செம்பைத் தூக்கி அண்ணாந்துதான் குடிக்க வேண்டும்.

யாத்ரீகர் காலையில் பஸ் ஏறிப் போய்விட்டார். விரதம் அஞ்சப்பனிடம் தங்கிவிட்டது.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே சவுக்குத் தோப்பு, அதற்குள் ஓட்டுக் கட்டிடம், பின்னால் ஒரு பெரியவரின் சமாதி, அதில் அணையாத விளக்கு. அலைச் சத்தமும் சவுக்கின் சத்தமும் ஒன்றுபோலவே கேட்கும். புதிதாக வருகிறவர்களுக்கு எது எது என்று தெரியாது. தலைவியின் பெயர் தையல்நாயகி. வயது நாற்பத்தாறு. கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்தவர். பெயருக்கேற்ற தொழில் என்று ஊரில் கேலி உண்டு. முன்பிருந்த சாமியின் கிழிந்த காவியைத் தைத்துக் கொடுக்க ஒருநாள் வந்தவர், அப்படியே இருந்துவிட்டார். சாமி போகும்போது விளக்கை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஏன் அவரிடம் என்று கேட்டவர்களுக்கு இதுவரை பதில் இல்லை.

எல்லோரும் அவரை அம்மா என்றார்கள். அவர் அஞ்சப்பனை அண்ணே என்றார்.

இது அஞ்சப்பனுக்குப் பிடிக்கவில்லை. சீடனை அண்ணே என்று அழைக்கும் குரு எந்த ஊரிலும் கிடையாது, பேரைச் சொல்லி வா போ என்று கூப்பிட்டால் போதும் என்று அவர் ஒருமுறை கையைக் கட்டிக்கொண்டு சொல்லிப் பார்த்தார்.

"சரிண்ணே" என்றார் அம்மா.

அந்தச் சொல் பிடிக்காததற்கு வேறு காரணமும் இருந்தது. அந்தச் சொல்லிலிருந்து தப்பித்துத்தான் அவர் மடத்துக்கே வந்திருந்தார்.

*

தோப்பிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் குப்பம். அங்கே அஞ்சப்பனுக்கு ஒரு தம்பி. பெயர் நாகூரான். பிறந்ததும் பிழைக்காது என்று சொல்லப்பட்ட பிள்ளை. நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர். அண்ணனும் தம்பியும் ஒரே படகில் தூண்டில் தொழில் செய்தார்கள். வலைக்காரர்கள் கேலி செய்வார்கள். வலையில் விழுவதில் பாதிகூடத் தூண்டிலில் விழாது. ஆனால் தூண்டிலில் விழுகிற வஞ்சிரம் நசுங்காமல், அடிபடாமல் வரும். அதற்குத் தனி மதிப்பு உண்டு.

தூண்டில் கயிற்றைக் குப்பத்தில் நரம்பு என்பார்கள். நைலான்தான். மீன் இழுத்த இழுப்பில் பாறையில் உரசித் தேயும். தேய்ந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனைகளையும் இணைக்க வேண்டும். அதற்கு அவர்கள் போடுகிற முடிச்சு எளியது. இரண்டு நரம்பையும் எதிரெதிராக வைக்க வேண்டும். இதன் முனையால் அதைச் சுற்றி ஒரு முடிச்சு, அதன் முனையால் இதைச் சுற்றி ஒரு முடிச்சு. பிறகு இரண்டு பக்கமும் இழுத்தால் இரண்டு முடிச்சும் வழுக்கிக்கொண்டு வந்து ஒன்றோடொன்று முட்டி நிற்கும். ஒன்றின் கழுத்தை ஒன்று பிடித்துக்கொள்வதால் குப்பத்தில் அதற்குச் சம்பந்தி முடிச்சு என்று பெயர்.

எல்லோரும் போடுகிற முடிச்சுதான். ஆனால் அஞ்சப்பன் போட்டது அறுந்ததில்லை. நரம்பு அறும், தூண்டில் முள் நிமிரும், படகுகூட ஒருமுறை ஓட்டை விட்டது. முடிச்சு அறாது. இரண்டு வருடத்துக்கு முன்பு திருக்கை முள் குத்தி நாகூரானின் வலது ஆள்காட்டி விரல் மடங்காமல் போன பிறகு, அந்தப் படகின் எல்லா முடிச்சையும் அண்ணன்தான் போட்டார். நாகூரானால் மீனை இழுக்க முடியும். சுக்கான் பிடிக்க முடியும். நரம்பில் முடிச்சுப் போட முடியாது.

அதற்கு மறு வருடம் அஞ்சப்பனின் மனைவி ராசாம்பாள் காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லை. வெறும் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அவர் விரதங்களைப் பிடித்துக்கொண்டார். செவ்வாய்க்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று, கிருத்திகைக்கு ஒன்று.

அதுவரை படகில் கஞ்சி ஒரே தூக்கில்தான் போகும். அண்ணன் நாலு மடக்குக் குடித்துவிட்டுக் கொடுப்பார், தம்பி வாங்கி அதே விளிம்பில் வாய் வைத்துக் குடிப்பார். சிறுவயதிலிருந்து அப்படித்தான். அதை யாரும் பழக்கம் என்றுகூட நினைத்ததில்லை.

ஒருநாள் அஞ்சப்பன் இரண்டு தூக்கோடு படகேறினார்.

நாகூரான் இரண்டையும் பார்த்தார். இது யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றார் அண்ணன். அப்படியானால் அது யாருக்கு என்றார் தம்பி. உனக்கு என்றார். விரதம் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லத் தோன்றவில்லை. நாகூரான் தன் தூக்கைத் திறந்து கஞ்சியைக் கடலில் கவிழ்த்தார். அன்று முழுதும் பட்டினியாகவே தூண்டில் போட்டார்.

கரைக்கு வந்ததும் ஏலம் நடக்கிற இடத்தில், பத்துப் பேர் நடுவில், தம்பி வாயைத் திறந்தார்.

"எங்கண்ணனுக்கு என் எச்சி கசந்துபோச்சு. சாமியாராப் போறாராம்."

எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சப்பனுக்குச் சாமியாராகும் எண்ணம் அந்த நிமிடம்வரை இல்லை. போகிறேன், என்ன இப்போது, என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. ஆடி பிறந்த மூன்றாம் நாள் ஒரு மஞ்சள் பையோடு சவுக்குத் தோப்புக்கு வந்து சேர்ந்தார்.

வந்த அன்றே அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார். பற்று எப்படி அறும்?

"சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார் அம்மா.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். ஒருமுறை கிணற்றுக் கயிற்றை மாற்றச் சொன்னார் அம்மா. ஒருமுறை சிரித்தார். பதில் வரவில்லை. தீட்சையோடு சேர்த்துச் சொல்வார்போல என்று அஞ்சப்பன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

அம்மாவிடம் அவருக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. வருகிறவர்களின் கிழிந்த துணியை அம்மா இன்னும் தைத்துக் கொடுப்பார். ஊசியில் நூல் கோக்கும்போது நூல் முனையை வாயில் வைத்து ஈரப்படுத்தி, உதட்டால் இழுத்துக் கூராக்குவார். விரதம் தொடங்கியதிலிருந்து அஞ்சப்பன் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. தாங்காமல் ஒருநாள் கேட்டேவிட்டார், குருவாக இருக்கிறவர்கள் எச்சில் பண்ணலாமா என்று.

"ஊசிக் காது சின்னதுண்ணே" என்றார் அம்மா.

*

கார்த்திகைக் கடைசியில் கோதண்டம் மளிகை வாங்கக் குப்பத்துப் பக்கம் போய்விட்டு, பையோடு ஒரு நரம்புச் சுருளும் கொண்டுவந்தார். நாகூரான் கொடுத்தனுப்பியது. சேதி ஏதாவது உண்டா என்று அஞ்சப்பன் கேட்டார். இல்லை என்றார் கோதண்டம். சுருளைக் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாராம்.

சுருளின் நடுவில் நரம்பு இரண்டாக வெட்டிக் கிடந்தது. இணைக்க வேண்டும். வேறு ஒன்றுமில்லை.

அஞ்சப்பன் அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். மடத்தில் இருந்துகொண்டு மீன் பிடிக்கிற காரியத்துக்குக் கை கொடுக்கலாமா என்று கேட்டார். கேட்கும்போதே விரல்கள் முனைகளைத் தேடிக்கொண்டிருந்தன.

தம்பி கேட்டனுப்பியிருக்கிறார், கட்டிக் கொடுங்கள் என்றார் அம்மா. கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் ஒவ்வொரு நரம்பும் தன்னைத்தானே முடிந்துகொள்ளாமல் அடுத்ததைச் சுற்றி முடிகிறது என்று கேட்டார்.

"தனக்குத்தானே போட்ட முடிச்சு நரம்புல நிக்காதும்மா. வழுக்கிக்கிட்டுப் போயிரும்."

"ஓகோ" என்றார் அம்மா.

முடிச்சை இழுத்துப் பார்த்தார் அஞ்சப்பன். நின்றது. சுருள் குப்பத்துக்குத் திரும்பிப் போனது. அன்று இரவு விளக்கின் முன்னால் அவருக்கு மனம் லேசாக இருந்தது. பற்று இல்லாமல் ஒரு காரியம் செய்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

மார்கழியில் இன்னொரு சுருள் வந்தது. அதையும் கட்டி அனுப்பினார். முதலாவது என்ன ஆனது என்று கோதண்டத்திடம் கேட்க வாய் வந்தது. கேட்டால் பற்று என்று ஆகிவிடும். கேட்கவில்லை.

*

செம்புத் தண்ணீரோடு அவர் போராடிக்கொண்டிருந்த அந்தக் காலையில், நன்றாக விடிந்த பிறகு, தோப்பு வாசலில் நாகூரான் வந்து நின்றார். கடலிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கால்வரை உப்பு காய்ந்திருந்தது. கையில் அறுந்த நரம்புச் சுருள்.

அண்ணனைப் பார்த்தார். பார்க்காததுபோல் அம்மாவிடம் போனார். குனிந்து கும்பிட்டார். பிறகு, வீட்டில் திருடியவனைப் பிடித்து ஒப்படைக்கிற மாதிரி, நரம்பை அம்மா காலடியில் வைத்தார்.

சொன்ன விஷயம் இவ்வளவுதான். கார்த்திகையில் கட்டி வந்த நரம்பு முதல் மீனிலேயே அறுந்தது. மீனின் பல் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டார். மார்கழியில் கட்டி வந்தது இன்று விடியற்காலை வஞ்சிரம் இழுக்கும்போது அறுந்தது. நல்ல மீன். படகோரத்துக்கே வந்து, கண்ணைக் காட்டிவிட்டுப் போனது. இழுத்துப் பார்த்தால் முள் பக்கத்து நரம்பு மீனோடு போய்விட்டது, இந்தப் பக்கம் பாறை உரசல் இல்லை, சரியாக முடிச்சில் அறுந்திருக்கிறது.

"மீன் போவட்டும். கடல்ல வேற மீன் இல்லாமலா இருக்கு. எங்கண்ணன் முடிச்சு அறாதும்மா. என் கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து பாக்குறேன், ஒண்ணுகூட அறுந்ததில்ல. இப்ப ரெண்டு அறுந்துருக்கு. அறணும்னுதானே கட்டியிருக்கான்?"

அஞ்சப்பனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஓர் எட்டு முன்னால் வந்தார். ஆறு மாதமாக அவர் தன்னைப் பற்றி என்னென்னவோ யோசித்திருந்தார். கோபக்காரன், கொடுத்துவைக்காதவன், பெண்டாட்டியைக் காப்பாற்றத் தெரியாதவன். தம்பிக்குக் கெட்ட முடிச்சுப் போடுகிறவன் என்று மட்டும் யாரும் சொல்லக்கூடும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

நான் எப்போதும்போலத்தான் கட்டினேன் என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அது அவர் காதுக்கே பொய் சொல்கிறவர் குரல்போலவே இருந்தது.

அம்மா நாகூரானிடம், குப்பத்தில் முடிச்சுப் போட வேறு ஆள் இல்லையா என்று கேட்டார்.

இருக்கிறார்கள் என்றார் நாகூரான்.

"மொத முடிச்சு அறுந்தப்பறமும் ரெண்டாவத ஏன் இங்கயே அனுப்புனீங்க?"

நாகூரான் தன் மடங்காத விரலைப் பார்த்தார். காக்கை ஒன்று அடுப்படி ஓட்டில் வந்து உட்கார்ந்தது. கோதண்டம் கரண்டியோடு வாசற்படியில் நின்றிருந்தார், விரட்டத் தோன்றவில்லை.

அம்மா அந்த நரம்பை எடுத்து அஞ்சப்பனிடம் நீட்டினார்.

"ஒண்ணு கட்டுங்கண்ணே. பாப்பம்."

அஞ்சப்பன் மடத்துப் படியில் உட்கார்ந்தார். கெட்டுப்போன முனையைக் கத்தியால் நறுக்கிவிட்டு, நரம்பை நடுவில் இரண்டாக வெட்டினார். இரண்டு முனையையும் எதிரெதிராக வைத்தார். இதைக்கொண்டு அதைச் சுற்றினார், அதைக்கொண்டு இதைச் சுற்றினார். நாகூரான் கண் எடுக்காமல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். குற்றம் கண்டுபிடிக்க வந்தவர் பார்வை அது. கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. சுற்று சரி, திசை சரி, விட்ட முனையின் நீளம்கூடச் சரி. இரண்டு முடிச்சும் வழுக்கி வந்து முட்டி நின்றன.

இழுத்துப் பார்க்கச் சொன்னார் அம்மா. அஞ்சப்பன் கையால் இழுத்தார். நின்றது. அப்படியில்லை, மீன் இழுக்கிறமாதிரி என்றார். ஆளுக்கொரு பக்கம் பிடிக்கச் சொன்னார்.

கை அறுக்காமல் இருக்க அண்ணன் துண்டையும் தம்பி லுங்கி முனையையும் சுற்றிக்கொண்டார்கள். இரண்டு பேரும் குதிகாலை மணலில் புதைத்து இழுத்தார்கள். நாகூரான் இழுத்த இழுப்பில் ஆறு மாதக் கோபம் இருந்தது.

பட்டென்று அறுந்தது. நாகூரான் பின்னால் தள்ளாடிப்போய் ஒரு சவுக்கு மரத்தில் முட்டிக்கொண்டார். அஞ்சப்பன் மணலில் உட்கார்ந்துவிட்டார். வேறொரு நாளாக இருந்தால் கோதண்டம் அதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பார். இன்று சிரிக்கவில்லை.

அஞ்சப்பன் அறுந்த முனையைக் கண்ணருகே கொண்டுபோனார். வெளுத்து, பொசுங்கின மயிர்போலச் சுருண்டிருந்தது.

"சூடு வாங்கியிருக்கு" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். முடிச்சு இறுகும்போது நைலான் நைலானில் உரசிச் சூடாகும். சூடானால் உள்ளே வெந்துவிடும். பார்க்க நன்றாக இருக்கும், பாரம் வந்தால் போய்விடும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கட்டுவதில் அவர் இதைப் பார்த்திருக்கிறார். தன் முடிச்சில் பார்த்ததில்லை. எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"படகுல எப்படிண்ணே கட்டுவீங்க?"

"இப்படித்தாம்மா."

"படகு ஆடாதா?"

"ஆடும்."

"படியில உக்காந்தமாதிரியா உக்காருவீங்க?"

அஞ்சப்பன் மணலில் கால்களை மடக்கி, முழங்கால்களை அகட்டி, படகின் முன்பக்கத்தில் உட்காருகிறமாதிரி உட்கார்ந்தார். நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று நாகூரானைக் கேட்டார் அம்மா. நாகூரான் தயங்கினார். பிறகு வந்து அண்ணனுக்கு எதிரே, ஒரு கை தள்ளி உட்கார்ந்தார். நரம்புச் சுருளைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். அதுவும் எப்போதும் வைக்கிற இடம்தான். காற்று தோப்பின் தலையில் ஏறி இறங்கியது.

அஞ்சப்பன் கட்டத் தொடங்கினார். இதைச் சுற்றி அது. அதைச் சுற்றி இது. இந்த முறை கை யோசிக்கவில்லை. முழங்கால் படகின் ஆட்டத்துக்குக் கொடுப்பதுபோல் லேசாக அசைந்தது. இரண்டு முடிச்சும் தளர்வாக விழுந்தன. இழுப்பதற்கு முன்னால், இரண்டு கையும் சேர்ந்து, தானாகவே, வாயை நோக்கிப் போயின.

உதட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றுவிட்டன.

நாகூரான் அண்ணனின் கையைப் பார்த்தார், வாயைப் பார்த்தார்.

"வெய்யி" என்றார்.

அஞ்சப்பன் அசையவில்லை.

"எச்சி வெய்க்காமயா இழுத்த?" உப்புப் போடாமலா குழம்பு வைத்தாய் என்று கேட்கிற குரலில் கேட்டார் நாகூரான். "ரெண்டு தடவையும்?"

"வெரதம்டா" என்றார் அஞ்சப்பன்.

ஆறு மாதத்தில் அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது. அதைச் சொல்லும்போதுதான் அவருக்கே தெரிந்தது. இழுக்கும்போது சூடேறாமல் முடிச்சை வாயில் நனைப்பது என்று ஒரு வேலை இருந்ததாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. யாருக்காவது சொல்லிக் கொடுத்திருந்தால் சுற்றுவதைச் சொல்லியிருப்பார், இழுப்பதைச் சொல்லியிருப்பார், இதைச் சொல்லியிருக்க மாட்டார். இரண்டு கையும் நரம்பில் இருக்கும்போது வாய் தானே வந்து செய்துவிட்டுப் போகிற வேலை அது. கைக்குத் தெரியாது, வாய்க்குத் தெரியும். வாயை மூடியதும் அது போய்விட்டது. போனது தெரியவில்லை.

நாகூரானின் முகத்திலிருந்து கோபம் இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று வந்தது, அது கோபத்தைவிடப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"அன்னைக்கு ரெண்டு தூக்கு கொண்டாந்தியே. அதுவும் வெரதமா?"

அஞ்சப்பன் தலையசைத்தார்.

"சொல்லியிருக்கலாம்ல."

சொல்லியிருக்கலாம். கஞ்சியைக் கடலில் கொட்டாமலும் இருந்திருக்கலாம். ஏல மணலில் பத்துப் பேர் முன்னால் பேசாமலும் இருந்திருக்கலாம். இதையெல்லாம் இரண்டு பேரும் சொல்லவில்லை. நடுவில் நரம்பு இருந்தது. ஒரு முனை தம்பி தொடையில், ஒரு முனை அண்ணன் கையில், நடுவே இரண்டு முடிச்சும் இறுகாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

வெயில் ஏறி மரங்களுக்குள் வந்துவிட்டது. அஞ்சப்பனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. காலையில் குடித்த தண்ணீர் எல்லாம் வேட்டிக்குத்தான் போயிருந்தது. கையை இறக்கவும் முடியவில்லை, இன்னும் ஒரு விரற்கடை மேலே கொண்டுபோகவும் முடியவில்லை. கொண்டுபோனால் விரதம் கெட்டது. ஒரு வாரத்தில் வரவேண்டிய தீட்சை கெட்டது. இறக்கினால் எதிரே உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய்விடுவார். போனால் திரும்பி வரமாட்டார். நாகூரானின் குணம் அவருக்குத் தெரியும். தன் குணம்தான் அதுவும்.

அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நான் வந்தன்னைக்கு ஒண்ணு கேட்டேம்மா. இன்னும் பதில் சொல்லல."

"என்ன கேட்டீங்க?"

"பற்று எப்படி அறும்னு."

அம்மா மணலில் நறுக்கிப்போட்டிருந்த நரம்புத் துண்டை எடுத்தார். வெளுத்துச் சுருண்டிருந்த அதன் முனையிலிருந்து மணலைத் தட்டினார். அதை அஞ்சப்பனின் மடியில் வைத்தார்.

"நனைக்காம இழுங்கண்ணே" என்றார். "தானா அறுந்துடும்."

தைப்பூசத்தன்று மடத்தில் விளக்குப் பூசை நடந்தது. யாருக்கும் தீட்சை இல்லை. மறுநாள், பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நாகூரானின் படகு கடலுக்குப் போனது. படகில் இரண்டு பேர். கஞ்சித் தூக்கு ஒன்று.